பல்லில்லாப் புழுவும் லென்ஸ் அக்காவும்

எங்கள் கட்டடத்தில் அவளை எல்லோரும் லென்ஸ் அக்கா என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு கைலென்ஸ் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். வேலைக்கு அது வேண்டும்தான். ஆனால் பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்த தேதியையும் அக்கா அதை வைத்துத்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "இந்த எட்டு முதல்ல மூணா இருந்திருக்கும்" என்பாள். பாலை முகர்ந்து பார்க்காமல் காபியில் ஊற்ற மாட்டாள். தையல்காரரிடம் சட்டை கொடுத்தால் பொத்தான்களை எண்ணிவிட்டுக் கொடுப்பாள்.

அவள் கணவர் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். அந்தக் கல்யாணமே சந்தேகத்தில் பிறந்ததுதான். அக்கா அப்போது ஒரு அறையில் வாடகைக்கு இருந்தாள். மாற்றுச் சாவி செய்ய அவர் கடைக்குப் போனாள். செய்து கொடுத்தார். மறுநாள் திரும்பி வந்து, "ஒண்ணுதானே செஞ்சீங்க?" என்றாள். அதற்கு மறுநாள், "அச்சு எதுவும் எடுத்து வச்சிக்கலையே?" என்றாள். நான்காம் நாள் அவரே ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து எல்லா டிராயரையும் திறந்துவிட்டார். "நீங்களே தேடிக்கோங்க." அக்காவும் கூச்சமே இல்லாமல் ஒரு மணி நேரம் தேடினாள். அன்று சாயங்காலமே மனிதர் தன் அம்மாவிடம் போய், பெண் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

நான் அந்தக் கட்டடத்தில் ஸ்டோர் கீப்பர். வாளி, சல்லடை, கையுறை, மருந்து பாட்டில், பெரிய ஃப்ரீசரின் சாவி எல்லாம் என் பொறுப்பு. அதனால் இந்தக் கதையில் நடந்த பலவற்றுக்கு நானே சாட்சி. ஒரு கட்டத்தில் நானும் சந்தேகப் பட்டியலில் இருந்தேன்.

எங்கள் வேலை சாணி வண்டு வளர்ப்பது. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். மேய்ச்சல் நிலத்தில் மாடு போட்ட சாணத்தை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போவது இந்த வண்டுதான். அது இல்லாவிட்டால் சாணம் காய்ந்து அப்பளமாகி, கீழே இருக்கிற புல்லைக் கொன்றுவிடும். ஆகவே வண்டு குறைந்த இடங்களுக்கு நாங்கள் வளர்த்து அனுப்புவோம். தகரக்கூரை போட்ட நீளமான கொட்டகை. வரிசை வரிசையாக வாளிகள். வாளியில் ஈரமண், மேலே ஒரு கை சாணம், ஒரு ஜோடி வண்டு. பெண் வண்டு மண்ணுக்குள் சுரங்கம் தோண்டி, சாணத்தை இறக்கி, கோலிக்குண்டு அளவுக்கு உருண்டை பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முட்டை வைக்கும். பொரிந்து வரும் குட்டி, வீட்டுச் சுவரையே தின்று வளர்கிற மாதிரி அந்த உருண்டையை உள்ளிருந்தே தின்று கொழுக்கும். அக்கா அதைக் குண்டன் என்பாள். சில வாரத்தில் குண்டன் வண்டாகி வெளியே வரும்.

கொட்டகையின் இடது பக்க வாளிகள் அக்காவுடையவை. வலது பக்கம் அடுத்த மேசைக்காரருடையது. அவர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர், ரொம்பப் பேசாதவர். பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அக்கா அவரை முழுசாக நம்பியதில்லை. அவளுடைய நல்ல இடுக்கி ஒன்று ஒருகாலத்தில் காணாமல் போனது. அந்தக் கணக்கு அவள் மனதில் இன்னும் தீரவில்லை.

ஒருநாள் காலையில் அக்கா ஓர் உருண்டையை உடைத்து லென்ஸில் பார்த்தாள். முட்டையைச் சுற்றி வெள்ளையாக, தலைமுடியைவிட மெல்லிசாக, ஏதோ நெளிந்தது. ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். அடுத்த உருண்டையிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

நேராக என்னிடம் வந்தாள். "உங்க ஃப்ரீசர் ஒழுங்கா ஓடுதா?"

"ஏன் அக்கா?"

"கேட்டதுக்கு பதில் சொல்லுங்க."

சாணத்தை மூன்று வாரம் உறையவைத்துவிட்டுத்தான் வாளியில் போடுவோம். உள்ளே இருக்கிற பூச்சி, புழு எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது என்பதற்காக. என் பேச்சில் நம்பிக்கை இல்லாமல் அக்கா ஃப்ரீசருக்குள் தன் வீட்டுத் தெர்மாமீட்டரை வைத்து இரண்டு நாள் பார்த்தாள். நான் தப்பித்தேன். அடுத்து எங்களுக்குச் சாணம் தரும் மாட்டுக் கொட்டகைக்காரர் மேல் பாய்ந்தாள். பஸ் ஏறிப் போய் அவருடைய மாடுகளுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். "என்னம்மா, எப்ப போடும்னு காவல் காக்கிறீங்களா?" என்று அவர் கேட்டாராம். அக்கா சிரிக்கவில்லை. சூடாக விழுந்த சாணத்தில் ஒரு கரண்டி எடுத்துவந்து, உறையவைப்பதற்கு முன்னும் பின்னும் பார்த்தாள். பின்னால் பார்த்ததில் ஒரு நெளிவும் இல்லை. அவரும் தப்பித்தார்.

அப்படியானால் புழு எங்கிருந்து வந்தது? வாளிக்குள் புதிதாக நுழைவது வண்டு மட்டும்தான். அக்கா ஒரு வண்டின் கெட்டிச் சிறகை ஊசியால் தூக்கிப் பார்த்தாள். அடியில் அதே இழைகள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. "ஒட்டிக்கிட்டு வர்றவன் சும்மாவா வருவான்?" என்றாள். "குண்டனைத் தின்னத்தான் வர்றான்."

எங்கள் பிரிவுக்குத் தலைவியாக ஒரு மேடம் வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அக்கா எழுத்து மூலமாகவே புகார் கொடுத்தாள்: உருண்டைகளில் நூற்புழு இருக்கிறது, முட்டைகளைக் கழுவ வேண்டும். மேடம் படித்துவிட்டு உடனே உத்தரவு போட்டார். இனிமேல் ஒவ்வொரு முட்டையையும் தூரிகையால் எடுத்து, நீர்த்த குளோரின் தண்ணீரில் முக்கி, இரண்டுதரம் அலசி, கையால் பிடித்த புது உருண்டைக்குள் வைத்து, உருண்டைகளை மூடிபோட்ட பெட்டிகளில் அடுக்க வேண்டும். எழுதியது மேடம்தான் என்றாலும் யோசனை முழுக்க அக்காவுடையது. அந்த வாரம் முழுவதும் அவள் நடையே வேறாக இருந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அக்கா தன் பக்கத்து முட்டைகளைக் கழுவினாள். பிறகு உடைத்துப் பார்த்த உருண்டைகளில் ஓர் இழைகூட இல்லை. கொட்டகையில் குளோரின் நெடி நிரந்தரமாகக் குடியேறியது.

ஏழு வாரம் கழித்து வண்டுகள் வெளியே வந்தன. அக்கா முதல் வண்டை வெர்னியர் அளவுகோலில் பிடித்து அளந்தாள். சின்னது. இரண்டாவதும் சின்னது. வழக்கமாக எட்டு மில்லிமீட்டரைத் தாண்டும் வண்டுகள் ஏழரையிலேயே நின்றுவிட்டன. அக்கா வெர்னியரைச் சந்தேகப்பட்டு என்னிடம் வேறொன்று வாங்கிப்போனாள். அதிலும் ஏழரைதான். ஆனால் வலது பக்கத்தில் அடுத்த மேசைக்காரரின் வண்டுகள் எப்போதும்போல் கொழுகொழுவென்று வந்திருந்தன.

மேடம் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஒரே சாணம், ஒரே மண், ஒரே முறை. அவருக்கு நல்லா வருது, உங்களுக்கு ஏன் வரல?"

"அதான் எனக்கும் புரியல, மேடம்."

"உருண்டை பிடிக்கும்போது சாணத்தைக் குறைக்கிறீங்களா?"

இருபது வருஷத்தில் அக்காவிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரையும் அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னை ஒருவர் அப்படிப் பார்ப்பார் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வெளியே வந்து கைகழுவும் இடத்தில் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம், "அவன் என் நல்ல உருண்டையெல்லாம் எடுத்துட்டு அவன் மட்டமான உருண்டைய என் பெட்டியில வைக்கிறான்" என்றாளாம். பூட்டுக்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னது. "நீ பாத்தியா?" என்று கேட்டிருக்கிறார். "பாக்கத்தான் போறேன்."

மறுநாள் தன் தலைமுடியில் இருந்து இழைகளைப் பிடுங்கி, பெட்டி மூடிகளின் குறுக்கே எச்சில் தொட்டு ஒட்டினாள். சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து பார்த்தால் நாலு மூடிகளில் முடி அறுந்திருந்தது. அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அதற்கடுத்த நாள் சாப்பிடப் போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு, வாளி கழுவும் அறைக்குள் நுழைந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டகைக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ மூடியைத் திறந்தார்கள். தராசை வைத்தார்கள். கையும் களவுமாகப் பிடிக்க அக்கா பாய்ந்து வந்தாள்.

தராசுக்கு முன்னால் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், நீங்களா?"

மேடத்தின் கையில் அக்காவின் உருண்டை ஒன்று இருந்தது. "எடை போட்டுப் பார்த்தேன்" என்றார் மேடம். "உங்க மேல சந்தேகம் இருந்தது. மறைக்கல. ஆனா எடை சரியா இருக்கு. அவர் உருண்டையைவிட ஒரு குண்டுமணி அதிகமாவே இருக்கு."

"அப்ப யார் மேல தப்பு?"

"தெரியல."

அக்கா அங்கிருந்து நேராக ஸ்டோருக்கு வந்தாள். "குளோரின் பாட்டில் நோட்டை எடுங்க. நான் எத்தனை வாங்கினேன், பக்கத்து மேசைத் தம்பி எத்தனை வாங்கினார், பாக்கணும்."

நோட்டைத் தயங்கித்தான் எடுத்தேன். ஏனென்றால் அந்த வித்தியாசத்தை நான் முன்பே கவனித்திருந்தேன். நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அக்கா வாங்கியது ஆறு பாட்டில். அவர் வாங்கியது ஒன்று. அந்த ஒன்றும் அவர் மேசைக்கடியில் சீல்கூடப் பிரிக்காமல் இருந்தது.

அக்கா அந்தப் பாட்டிலை எடுத்து அவருடைய மேசைமேல் நங்கென்று வைத்தாள்.

"தம்பி, இது என்ன?"

அவர் பாட்டிலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு கையுறைகளைக் கழற்றினார். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஆறின தழும்புகளும் இருந்தன.

"எனக்கு குளோரின் ஒத்துக்காது, அக்கா. கையுறை போட்டாலும் நெடிபட்டே வெடிச்சிடும். போன வேலையை விட்டதே இதனாலதான். முட்டைய வெறும் தண்ணில ஒரு முக்கு முக்கி வச்சிட்டேன். நோட்டுல கழுவினதா எழுதிட்டேன்."

"பொய்யா எழுதினீங்களா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

பதினோரு வருஷமாக இந்த மனிதரை ஒரு தப்பில் பிடிக்கக் காத்திருந்தவள் அக்கா. பிடித்துவிட்டாள். ஆனால் அதைக் கொண்டாட முடியவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கவிழ்த்துவைத்த ஒரு வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இருங்க தம்பி. நீங்க கழுவல. அப்ப உங்க உருண்டைல புழு இருக்கணும்."

"நிறைய இருக்கு."

"உங்க வண்டுதானே பெருசு?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அக்காவே எழுந்து மேடத்தின் அறைக்குப் போனாள். அடுத்த மேசைக்காரரும் பின்னாலேயே போனார். பொய் எழுதியதை அவரே சொன்னார்.

மேடம் திட்டினார். ஆனால் திட்டிக்கொண்டிருக்கும்போதே, புழு இருந்தும் வண்டு எப்படிப் பெரிதாகிறது என்ற கேள்வி அவருக்கும் உறைத்துவிட்டது. வேறொரு நிறுவனத்திலிருந்து ஒருவரை வரவழைத்தார். நூற்புழு ஆராய்ச்சியே வாழ்க்கை என்று இருப்பவர். நாங்கள் அவரைப் புழு டாக்டர் என்போம். காதில் பேனா செருகிய, எப்போதும் பசியோடிருக்கும் மனிதர்.

அவர் மைக்ராஸ்கோப்பில் ஒரு புழுவை வைத்து அக்காவைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக் குழாய் மாதிரி உடம்பு. இரண்டு முனையும் கூர்ந்து, உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. பெண் புழுவின் வயிற்றில் முட்டைகள் வரிசையாக நின்றன. ஆணின் வால் கொக்கிபோல் வளைந்திருந்தது.

"வாயைப் பாருங்க. பல் தெரியுதா?"

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். "மறைச்சு வச்சிருக்குமோ?"

"இதோட சொந்தக்காரங்க சிலருக்கு பல் உண்டு, மத்த புழுவைக் கிழிச்சுத் தின்பாங்க. இதுக்கு வெறும் ஒடுக்கமான குழாய். அதுக்குப் பின்னால தொண்டைல ஒரு குமிழ் துடிக்குது பாருங்க. பம்பு மாதிரி பாக்டீரியாவை உறிஞ்சி உள்ள தள்ளும். இந்த வாயை வச்சுக்கிட்டு உங்க குண்டனை நக்கக்கூட முடியாது."

"அப்ப வண்டு சிறகுக்கடியில அசையாம இருக்கே, அது?"

"அது இளசு. சாப்பாடு தீர்ந்தா வாயை மூடிக்கிட்டு, தோலைத் தடிமனாக்கிக்கிட்டு வண்டுமேல ஏறிடும். ஒரு வாய் சாப்பிடாது. வண்டுக்கு வண்டு, ஜோடி சேரும்போதும் தாவும். தாய் வண்டு முட்டை வைக்கும்போது கூடவே உருண்டைக்குள்ள இறங்கும். அங்க பாக்டீரியா கொட்டிக்கிடக்குது. உடனே வாயைத் திறந்துடும், சில நாள்ல பேரன் பேத்தி எடுத்துடும்."

"பஸ்ல ஓசியில வர்ற ஆள்னு சொல்றீங்க."

"வந்து இறங்கின வீட்டுல ஏதோ வேலையும் செய்யுதுன்னு தோணுது. சாணத்துல எது முளைக்கணும், எது முளைக்கக் கூடாதுங்கிறதை இது மாத்துது. குண்டனுக்குக் கெடுதலான பூஞ்சை குறையுதோ என்னவோ."

"தோணுதுன்னா? நிச்சயமில்லையா?"

"எனக்கும் சந்தேகம்தான்" என்றார் புழு டாக்டர். "குளோரினே முட்டையைக் கெடுத்திருக்கலாமே?"

அக்கா அவரை அப்போதுதான் முதல்தடவையாக மரியாதையோடு பார்த்தாள்.

சோதனையை இப்படி வைத்தார்கள். அறுபது முட்டைகள். எல்லாமே குளோரினில் கழுவியவை, எல்லாமே ஒரே எடையுள்ள புது உருண்டைகளில். முப்பது உருண்டைகளில் புழு உள்ள ஒரு சொட்டுத் தண்ணீர். மற்ற முப்பதில் அதே தண்ணீரைப் புழு போக வடிகட்டி ஒரு சொட்டு. பெட்டிமேல் எண் மட்டும் இருக்கும். எந்த எண்ணில் எது என்ற பட்டியலை டாக்டர் எழுதி ஒட்டிய உறையில் கொடுத்தார். அதை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் ரகளை. மேடத்துக்கு, அடுத்த மேசைக்காரர்மேல் நம்பிக்கை இல்லை. அடுத்த மேசைக்காரருக்கு மேடத்தைப் பார்த்தாலே பயம். அக்காவுக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை, தன்மேலும் இப்போது இல்லை. "என்கிட்ட இருந்தா நானே பிரிச்சுப் பாத்துடுவேன்" என்றாள்.

கடைசியில் பூட்டுக்காரர் ஒரு தகரப்பெட்டியில் மூன்று பூட்டு வைத்துக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு சாவி. பெட்டி என் ஸ்டோரில். "மூணே சாவிதான்" என்றார் மனைவியைப் பார்த்து. "கடையில வந்து தேடிக்கிறியா?"

"நேத்தே தேடிட்டேன்" என்றாள் அக்கா.

வண்டுகள் வர ஏழு வாரம் ஆனது. அறுபதில் ஐம்பத்தொன்று பிழைத்து வந்தன. அக்கா ஒன்றை அளப்பாள், மற்றதை அடுத்த மேசைக்காரர் அளப்பார். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதினார். குளோரின் பக்கம் போக வேண்டியிருந்ததெல்லாம் அக்காவே செய்தாள், ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல். அளந்து முடித்ததும் மூன்று சாவியும் சேர்ந்து பெட்டி திறந்தது. மேடம் பட்டியலைப் படிக்கப் படிக்க அக்கா எண்களைப் பிரித்து எழுதினாள். புழுத் துளி விழுந்த உருண்டைகளில் வந்தவை சராசரியாக அரை மில்லிமீட்டர் பெரியவை. எல்லாமே இல்லை, ஓரிரண்டு தாறுமாறாகவும் இருந்தன. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் மறுக்க முடியவில்லை.

"இன்னும் ரெண்டுதரம் செய்யணும்" என்றார் புழு டாக்டர்.

"மூணுதரம்" என்றாள் அக்கா.

கழுவும் உத்தரவு அன்றே ரத்தானது. ஆனால் நோட்டில் பொய் எழுதியது எழுதியதுதான். மேடம் அடுத்த மேசைக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் தயாரித்து, சாட்சிக் கையெழுத்துக்கு அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை லென்ஸ் இல்லாமலே படித்தாள்.

"எழுதினது எல்லாம் உண்மை, மேடம். ஆனா கையெழுத்து போட மாட்டேன்."

"ஏன்?"

"கழுவுங்கன்னு சொன்னது நான். பல் இருக்கான்னு பாக்காமலே புழுவைக் கொலைகாரனாக்கினது நான். இதுல என் பேரு எங்க?"

மேடம் கொஞ்சநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தை எடுத்து மேசை டிராயரில் வைத்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறதா, கிழித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த மேசைக்காரருக்குக் கடிதம் வரவில்லை. அதுமட்டும் தெரியும். அவர் கை ஒரு மாதத்தில் ஆறியது.

அந்த வருஷம் மேய்ச்சல் நிலத்துக்குப் போன இடது பக்க வண்டுகள் சின்னவைதான். அவற்றைத் திரும்பக் கூப்பிட முடியாது. அவை இருந்த டப்பாக்களை வண்டியில் ஏற்றும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போதெல்லாம் புதுப் பெட்டி தொடங்கும்போது பழைய உருண்டையிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி அதில் வைக்கிறாள். அடுத்த மேசைக்காரர் அதற்கு, "அக்கா தாலாட்டு பாடாத குறைதான்" என்பார். இப்போது அவர் கொஞ்சம் பேசுகிறார்.

அதற்காக அக்கா மாறிவிட்டாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போன வாரம் ஸ்டோருக்கு வந்து ஒரு புது வாளி கேட்டாள்.

"எதுக்கு அக்கா?"

"இந்தப் புழு நல்லதுன்னு எல்லாரும் சொல்றீங்க. சரி. ஈரம் அதிகமாச்சுன்னா? பாக்டீரியா தீர்ந்துபோச்சுன்னா? அப்பவும் நல்லவனாவே இருப்பானா?"

அந்த வாளி இப்போது கொட்டகையின் மூலையில் இருக்கிறது. தினமும் காலையில் அக்காவும் அடுத்த மேசைக்காரரும் சேர்ந்து அதற்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். நான் எட்டிப் பார்க்கப் போனால் இருவருமே முறைக்கிறார்கள்.